முன்பக்கம் மாஷா அல்லாஹ், பின்பக்கம் அடுத்த வீட்டு அடுப்படி: மதுரை ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், முத்தவல்லிகளுக்கும், மதிப்பிற்குரிய ஹஜ்ரத்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இந்த ஊரில் வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறவள். ராவுத்தர் குடும்பம். நெல்பேட்டை, முனிச்சாலை, மகபூப்பாளையம், தெற்குவாசல், கோரிப்பாளையம் என்று நம் ஆட்கள் நெருங்கி வாழும் தெருக்களில் பழைய வீடு இடிபடும்போதும் அதே மனையில் புது வீடு எழும்பும்போதும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் உங்களிடம் ஒரு முறையீடு வைக்கிறேன். வீட்டுக்காரர்களிடம் தனித்தனியாகச் சொன்னால் எடுபடுவதில்லை. “நம்ம மனை, நம்ம சுவரு” என்று பேச்சு முடிந்துவிடுகிறது. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

வீடு கட்ட வருகிறவர்கள் பலரும் “இஸ்லாமிய முறையில இருக்கணும்மா” என்பார்கள். அது எப்படி என்று கேட்டால், முகப்பில் வளைவு, போர்ட்டிகோ மேலே சின்னதாக ஒரு குவிமாடம், கேட்டுக்கு மேலே கறுப்புக் கிரானைட்டில் ‘மாஷா அல்லாஹ்’, முடிந்தால் பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கிற ஒரு 786. போட்டுக் கொடுக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அதே பிளானில் பின்பக்கம் திரும்பினால் முதல் மாடிப் படுக்கையறை ஜன்னல், மூன்றடிச் சந்துக்கு அப்பால், அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நேராகத் திறக்கும். அதை மாற்றலாமா என்று கேட்டால் “காத்து வரணுமே” என்பார்கள். மார்க்கம் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

அந்த அடுப்படிக்குள் கொஞ்சம் நின்று பாருங்கள். காலை பதினொரு மணிக்கு டியூப்லைட் எரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடம் ஆவி பட்டு உரிந்து வர, அதன்மேல் ஒரு பழைய லுங்கியைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே நிற்கிற பெண் தன் சொந்த வீட்டு அடுப்புக்கு முன்னால் முக்காட்டை இறுக்கிக்கொண்டு மீன் பொரிக்கிறாள். அவள் வீட்டு ஜன்னல் அங்கே பல வருடமாக இருக்கிறது. புதிதாக வந்தது எதிர் ஜன்னல்தான். ஆனால் மூடிக்கொள்ள வேண்டியவள் இவள். மதுரை மே மாதத்தில், வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாளில்.

நான் கேட்பது ஒன்றுதான். பார்வையைக் காப்பதற்கான சுமையைப் பார்க்கப்படுகிறவள் தலையில் ஏற்றாதீர்கள். சுவர் எழுப்புகிறவர், ஜன்னல் திறக்கிறவர் அதைச் சுமக்கட்டும். மார்க்கம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது, நம் பழைய வீடுகளும் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தன என்பது என் வாதம்.

குவிமாடத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் போகிற வழியில் உயர்ந்த குவிமாடக் கட்டடம் ஒன்றைப் பார்க்கிறார்கள். யாருடையது என்று கேட்கிறார்கள். ஓர் அன்சாரித் தோழருடையது. அவர் பிறகு வந்து ஸலாம் சொல்லும்போது நபிகள் முகம் கொடுக்கவில்லை. காரணம் தெரிந்ததும் அந்தத் தோழர் போய்க் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிடுகிறார். அவசியத்துக்கு மேல் கட்டுகிற ஒவ்வொரு கட்டடமும் அதன் சொந்தக்காரருக்குச் சுமைதான் என்று அப்போது நபிகள் சொன்னதாக அறிவிப்பு. இதைப் படித்த பிறகும் போர்ட்டிகோ மேலே சிமெண்ட் குவிமாடம் கேட்கிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தைக் காட்டி “அது மாதிரி” என்று கேட்டவரும் உண்டு. அழகர்மலையிலிருந்து கொண்டுவந்த ஒரே கல் என்று ஊரில் பெருமையாகச் சொல்லும் குவிமாடம் அது. கபுருக்கு, அதாவது அடக்கத்தலத்துக்கு, மேலே நிற்கிறது. குடியிருக்கிற வீட்டுக்கு அது எதற்கு என்று கேட்டதில் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை.

வீட்டைப் பற்றிக் குர்ஆன் பேசுகிற இடங்களில் வளைவும் இல்லை, தூணும் இல்லை. வாசலும் பார்வையும்தான் வருகின்றன. 24ஆவது அத்தியாயமான அந்நூரில் 27ஆம் வசனம், அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையாதே என்கிறது. அடுத்த வசனம், திரும்பிப் போ என்றால் திரும்பிப் போய்விடு, அதுவே உனக்குத் தூய்மை என்கிறது. 30ஆம் வசனம் முதலில் ஆண்களை நோக்கிப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. பெண்களுக்கு அதே கட்டளை 31இல்தான் வருகிறது. இந்த வரிசையை ஹஜ்ரத்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜும்ஆ பயானில், வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில், 31 அடிக்கடி ஒலிக்கிற அளவுக்கு 30 ஒலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

ஹதீஸ், அதாவது நபிமொழி, இன்னும் நெருங்கி வருகிறது. நபிகளின் வீட்டு ஓட்டை வழியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்பது என்ற ஏற்பாடே பார்வையின் பொருட்டுத்தான் வந்தது என்று அவர்கள் கண்டித்தது புகாரி தொகுப்பில் இருக்கிறது. நபிகள் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலுக்கு நேரே நிற்க மாட்டார்கள், வலமாகவோ இடமாகவோ ஒதுங்கி நிற்பார்கள் என்பது அபூதாவூதில் இருக்கிறது. பிளான் போடுகிறவள் கண்ணுக்கு இவை எல்லாம் அளவுகளாகத் தெரிகின்றன. வாசல் எங்கே, அதற்கு நேரே என்ன இருக்கிறது, நிற்கிறவர் ஒதுங்கி நிற்க இடம் உண்டா?

நம் பக்கத்துப் பழைய வீட்டில் அந்த ஒதுங்கி நிற்கிற இடத்துக்குத் திண்ணை என்று பெயர். திண்ணையை நாம் கண்டுபிடிக்கவில்லை. மேலமாசி வீதியிலும் திண்ணை இருந்தது, நாட்டுப்புறத்துக் கள்ளர் வீட்டிலும் செட்டியார் வீட்டிலும் இருந்தது. முற்றமும் அப்படித்தான். ஈராக்கில் ஊர் என்கிற பழைய நகரத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 4000 ஆண்டுக்கு முந்தைய முற்ற வீடுகள் கிடைத்தன. அப்போது இஸ்லாமும் இல்லை, யாரும் முக்காடு போடவும் சொல்லவில்லை. வெயில்தான் சொன்னது. கெய்ரோவில் மரச்சல்லடை போட்ட மஷ்ரபிய்யா ஜன்னல், துனிஸில் நேராக உள்ளே பார்க்க முடியாதபடி வளைந்து போகும் நுழைவழி, மலாய் நாட்டில் முற்றமே இல்லாமல் கால் ஊன்றி நிற்கும் மர வீடு. எல்லாம் முஸ்லிம் வீடுகள்தான், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மார்க்கம் எந்த ஊருக்கும் எலிவேஷன், அதாவது முகப்பு வரைபடம், கொடுத்து அனுப்பவில்லை. ஊரில் இருக்கிற வீட்டை எடுத்துக்கொண்டு ஒரு கதவை நகர்த்தச் சொன்னது, ஒரு ஜன்னலை உயர்த்தச் சொன்னது, அவ்வளவே.

அந்த நகர்த்தலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பழைய வீட்டில் தெருவாசலில் நின்றால் நடை, பட்டாசாலை, முற்றம், கொல்லைக்கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரிவது சாதாரணம். காற்று அந்தக் கோட்டில் ஓடும். இடிப்பதற்கு முன் நான் அளந்த முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் அந்தக் கோடு நடையிலேயே உடைந்திருந்தது. உள்கதவு ஒன்றரை அடி, இரண்டு அடி தள்ளி வைக்கப்பட்டிருக்கும். தள்ள இடமில்லாத வீட்டில் நடை முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மறைசுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே காற்று போக விட்டிருப்பார்கள். சுண்ணாம்புக் காரையில் வேலை செய்த கொத்தனார் இந்துவாகவும் இருந்திருக்கலாம். மனையடி பார்த்து, குழிக்கணக்குப் போட்டு, கூடவே நம் வீட்டுப் பெரிய மனுஷி சொன்னபடி கதவையும் தள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். திண்ணையில் வந்து உட்காருகிற கறிக்கடைக்காரரும் வரி வசூலிக்க வருகிறவரும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அறியாமலே பேசிவிட்டுப் போவார்கள். உள்ளே முற்றத்தில் பெண்கள் முடியை விரித்துப் போட்டு, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய வீட்டைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல காற்று வருகிற திண்ணை ஆண்களுக்கு, புகை மண்டுகிற பின்கட்டு பெண்களுக்கு என்று பிரித்துக் கொடுத்ததும் அதே வீடுதான். கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருக்கும், இரவில் பெண்கள் துணை தேடுவார்கள். எனக்கு அந்த வீடு வேண்டாம். அதில் இருந்த ஒரு கணக்கு மட்டும் வேண்டும்: பெண்ணுக்கு மறைப்பு வேண்டும் என்றால் அதைச் சுவர் கொடுத்தது, அவள் வெளிச்சத்தைப் பிடுங்காமல் கொடுத்தது. இப்போதைய வீட்டில் சுவர் செய்யாததைத் திரைத்துணி செய்கிறது, வெளிச்சத்தையும் காற்றையும் விலையாக வாங்கிக்கொண்டு.

மாடி ஜன்னல் ஒன்றும் புதுப் பிரச்சினை அல்ல. கலீஃபா உமர் (ரலி) காலத்திலேயே எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்தில் ஒருவர் மேல்மாடி அறை கட்டியது அண்டை வீடுகளைப் பார்க்கும்படி இருக்கிறதென்று புகார் கலீஃபா வரை போனதாக வரலாற்றில் வருகிறது. இப்படிப்பட்ட வழக்குக்கு உமர் எழுதிய தீர்ப்பாக மாலிகி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில் ஒரு சோதனை சொல்லப்படுகிறது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டிலைப் போடு. அதன்மேல் ஓர் ஆளை நிற்க வை. அங்கே நின்று அடுத்த வீட்டுக்குள் பார்க்க முடிந்தால் ஜன்னலை அடை. முடியாவிட்டால் விட்டுவிடு. பிற்காலத்தில், 14ஆம் நூற்றாண்டுத் துனிஸில், இபுனுர் ராமி என்ற கட்டடக் கைவினைஞர் நீதிபதியான காஜிக்கு உதவியாகப் போய்ச் சுவர்த் தகராறு, ஜன்னல் தகராறு, சாக்கடைத் தகராறு என்று நேரில் பார்த்துச் சொல்லி வந்தார். தீர்ப்புகளைத் தொகுத்தும் வைத்தார். ஒரு கொத்தனாரின் கண்ணுக்கு மார்க்கச் சட்டத்தில் அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது என்பதில் எனக்குத் தொழில்முறைப் பெருமை உண்டு.

கட்டில் சோதனையை மதுரை வீட்டில் போட்டுப் பார்க்கிறேன். கட்டில் ஒன்றரை அடி. நடுத்தர உயர ஆளின் கண்மட்டம் ஐந்து அடி. கூட்டினால் ஆறரை. பத்தடி உயர அறையில் ஆறரைக்கு மேலே இன்னும் மூன்றரை அடி சுவர் இருக்கிறது. ஜன்னலை அங்கே அகலமாகப் போடுங்கள். சூடான காற்று மேலேதான் ஏறும், அந்த வழியாக வெளியே போகும். வெளிச்சம் உள்ளே ஆழமாக விழும். கீழே பீரோ வைக்கச் சுவர் முழுசாகக் கிடைக்கும். பழைய வீட்டில் கூரைக்கு அடியில் கண்ணாடி பதித்த சின்னச் சாளரம் பார்த்திருப்பீர்களே, அதைத்தான் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறேன். தெருப்பக்கமோ சொந்த முற்றப்பக்கமோ வழக்கமான மூன்றடி மட்டத்து ஜன்னல் தாராளமாக வைக்கலாம். அடுத்தவர் அடுப்படிப் பக்கத்துக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு. காற்று வரணுமே என்கிறவர்களுக்கு இதுதான் என் பதில், செலவும் அதிகமாகாது.

அரசாங்க விதி இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பக்க இடைவெளி எத்தனை, உயரம் எத்தனை என்று கேட்கும். எதிரே இருப்பது யாருடைய அடுப்படி என்று கேட்காது. ஆனால் இன்னொரு பழைய சட்டம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அதன் 18ஆம் பிரிவு, ஊர் வழக்கத்தால் உண்டாகும் உரிமைகளைப் பற்றியது. அதற்குச் சட்டமே தருகிற உதாரணம் என்ன தெரியுமா? ஒரு ஊரில், அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கணிசமாகக் குலைக்கும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தால், அந்த ஊரில் வீடு கட்டுகிற இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அந்த உரிமை உண்டு. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் – ராதோ வழக்கில், அந்தப் பகுதியில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை ஏற்றுக்கொண்டது. வழக்காடியவர்களின் பெயரைப் பாருங்கள், இது நம் ஆட்களுக்கு மட்டுமான கவலை இல்லை. அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு மதுரை நீதிமன்றத்துக்கு ஓடச் சொல்லவில்லை. இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டென்று நிரூபிப்பது வேறு வேலை. ஆனால் வழக்கத்தை உண்டாக்கவும் காப்பாற்றவும் தெருவில் ஓர் அமைப்பு வேண்டும். எங்கள் தெருக்களில் அது நீங்கள்தான்.

தொழுகைக்கு வருகிறேன். நம் ஊரில் பெரும்பாலான பெண்கள் ஐந்து வேளையும் வீட்டில்தான் தொழுகிறார்கள். ஆகவே வீட்டுக்குள் தொழும் இடம் என்பது முதலில் பெண்களின் இடம். இதைப் பிளானில் யாரும் கேட்பதில்லை. கார் நிறுத்த இடம் கேட்பார்கள், டிவி எந்தச் சுவரில் என்று கேட்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறடிக் கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு முசல்லா என்கிற தொழுகை விரிப்பைப் போட மிச்சம் இருப்பது நடக்கிற வழி. முசல்லா ஏறத்தாழ நாலடிக்கு இரண்டேகால் அடி. அதிலும் ஒரு சிக்கல். நாம் ‘மேற்கே பார்த்து’ என்று பழக்கத்தில் சொன்னாலும், கணக்குப்படி மதுரையிலிருந்து கிப்லா, அதாவது மக்காவின் கஅபா இருக்கும் திசை, நேர் மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே தள்ளியிருக்கிறது. மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த இந்த ஊரில் தெருக்கள் பெரும்பாலும் திசை பார்த்துப் போகின்றன, மனைகளும் அப்படியே. எனவே முசல்லா அறைக்குள் எப்போதும் கோணலாகத்தான் விரியும், கூடுதல் இடம் கேட்கும். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது தலை பீரோ காலில் இடிக்கும். பட்டாசாலையிலோ மாடிப்படிக்குப் பக்கத்திலோ ஐந்துக்கு ஐந்தடி, யாரும் குறுக்கே நடக்காத ஒரு மூலை, பக்கத்தில் ஒளு செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ, தண்ணீர். பழைய வீட்டில் முற்றத்து ஓரத்து அங்கணம் அந்த வேலையைச் செய்தது. வீட்டைக் கபுருஸ்தான் ஆக்காதீர்கள், அங்கேயும் தொழுங்கள் என்று நபிகள் சொன்னதை ஆண்களும் கேட்டால் அந்த மூலைக்குக் கொஞ்சம் மரியாதை வரும்.

கக்கூஸ் கோப்பையைக் கிப்லாவுக்கு முகமோ முதுகோ காட்டாமல் வடக்கு தெற்காக வைப்பதில் மட்டும் நம் ஆட்கள் உஷாராக இருக்கிறார்கள். வாஸ்து பார்க்கிற மேஸ்திரியும் அப்படியே வைப்பதால் சண்டை வருவதில்லை. சுவரில் உருவப் படம் மாட்டுவதில்லை, குர்ஆனுக்கு உயரத்தில் மாடக்குழி, இவையும் தானாக நடந்துவிடுகின்றன. இவற்றுக்கு உங்களை நான் தொந்தரவு செய்யவில்லை.

வாடகை வீடுகளுக்குத்தான் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறது. வக்ஃபு இடங்களில், அதாவது தர்மமாக எழுதிவைத்த இடங்களில், பள்ளிவாசல் வருமானத்துக்காக வரிசையாகக் கட்டுகிற வீடுகளைச் சொல்கிறேன். ஒரு ஹால், ஒரு சமையல் இடம், பொதுக் கழிப்பறை. அந்நூரின் 58ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அதிகாலை சுபுஹு தொழுகைக்கு முன், நடுப்பகலில் உடையைக் களைந்து ஓய்கிற நேரம், இரவு இஷா தொழுகைக்குப் பின், இந்த மூன்று நேரமும் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்துவிடுங்கள் என்று ஹதீஸ். பிள்ளை அனுமதி கேட்க வேண்டுமென்றால் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். கதவு வேண்டுமென்றால் இரண்டு அறை வேண்டும். வயசுக்கு வந்த மகளும் மகனும் தாய் தகப்பனும் ஒரே ஹாலில் முறை வைத்துத் தூங்குகிற வீட்டைக் கட்டி, அந்த வாடகையில் பள்ளிவாசலுக்கு ஏசி போட்டுவிட்டு, குடும்ப ஒழுக்கத்தைப் பற்றி மிம்பர் மேடையில் பேசினால் கேட்கிறவள் என்ன நினைப்பாள்? எட்டு வீடு கட்டுகிற இடத்தில் ஆறு கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தடுப்பறை, தனிக் கழிப்பறை. வருமானம் குறையும். குறையட்டும், வக்ஃபு செய்தவர் இதற்காகத்தானே கொடுத்துவிட்டுப் போனார்.

இனி முற்றத்தைக் கொன்றது யார் என்ற கதை. ஃபிளாட் காலம் கொன்றது என்பார்கள். அதற்கு முன்பே பாகப்பிரிவினை கொன்றுவிட்டது. நான்காம் அத்தியாயம் 11ஆம் வசனப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மூன்று அண்ணன் தம்பி, ஒரு தங்கச்சி என்று வையுங்கள். மொத்தம் ஏழு பங்கு. வீட்டு முகப்பு 28 அடி. எட்டு, எட்டு, எட்டு, நாலு. தெருவிலிருந்து கொல்லை வரை நீளநீளமாகச் சுவர் எழும்பும். முற்றம் துண்டு துண்டாகும். நடுவில் கிணறு இருந்தால் அதன் வாய்மேல் குறுக்கே ஒரு சுவர். எட்டடி அகல வீட்டில் முற்றத்துக்கு இடம் ஏது? கொஞ்ச நாளில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூடிவிடுவார்கள். பக்கச்சுவர் இரண்டும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை, ஆகவே மேலே எழும்பிப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியைப் பார்த்து ஜன்னல். தங்கச்சியின் நாலடியில் எதுவும் கட்ட முடியாது. அவள் பங்கைப் பணமாகக் கொடுத்தார்களா, ‘விட்டுக்கொடுத்துட்டாள்’ என்று எழுதி வாங்கினார்களா என்பது அவரவர் மனசாட்சிக்கும் உங்கள் பஞ்சாயத்துப் புத்தகத்துக்கும் தெரியும்.

குற்றம் பங்குக் கணக்கில் இல்லை. குர்ஆன் பங்கைச் சொன்னது, நீளமாகக் கீறிப் பிரிக்கச் சொல்லவில்லை. பொதுவாக வைத்து அனுபவிக்கவும் மார்க்கச் சட்டத்தில் இடமுண்டு, மதிப்புப் போட்டுப் பணமாகத் தீர்க்கவும் இடமுண்டு. மனையை ஒன்றாகவே வைத்து, முற்றத்தை யாருக்கும் பங்கில்லாத பொது இடமாக எழுதி, அதைச் சுற்றி ஆளுக்கொரு தளமாகக் கட்டினால் நாலு குடும்பத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும். எல்லா ஜன்னலும் சொந்த முற்றத்தைப் பார்க்கும், வெளியே யார் அடுப்படியையும் பார்க்காது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கிற வழக்கத்தால் அங்கத்து வீடுகள் வேறு மாதிரி வளர்ந்தன. பெண்கள் தெருவுக்கு வராமலே போய்வர வீடுகளுக்கிடையே முடுக்குகளும் விட்டார்கள். அதை இங்கே நகல் எடுக்க முடியாது, நம் குடும்ப அமைப்பு வேறு. ஆனால் பாகம் பிரிக்கும் பேச்சு உங்கள் முன்னால் வருகிறபோது, அளவுகோலை எடுப்பதற்கு முன் “முற்றத்தை என்ன செய்யப் போறீங்க?” என்று ஒரு கேள்வி கேட்கலாம் இல்லையா? பத்திரம் பதிவான பிறகு என்னிடம் வந்தால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அண்டை வீட்டார் விஷயத்தில் ஒரு சேதி. நம் தெருக்களில் அடுத்த சுவர் எப்போதும் முஸ்லிம் சுவர் இல்லை. சௌராஷ்டிரா வீடாக இருக்கும், நாடார் வீடாக இருக்கும். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுத்தபோது “நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி வைத்து அண்டை வீட்டாரைக் கவனி என்று தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகள் சொன்னது ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில். அண்டை வீட்டாரின் காற்றை மறித்துக் கட்டாதே, உன் சட்டி வாசனையால் அவரைத் துன்புறுத்தாதே என்று இன்னோர் அறிவிப்பும் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனம் என்பார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுத்த வீட்டுத் துணி காயப்போடுகிற கொடிக்கு நேரே வைத்து, நோன்பு முப்பது நாளும் வெங்காயம் வதக்குகிற புகையை அவர்கள் வேட்டி சேலைமேல் ஊதுகிற நம் ஆட்களுக்குப் பலவீனமான ஹதீஸே போதும் என்று நினைக்கிறேன். புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே ஏற்ற ஆகிற செலவு மாஷா அல்லாஹ் கிரானைட் பலகைக்கு ஆகிறதைவிட அதிகமாகாது.

சந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. பாதை அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடு என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் பத்தரை அடி. நம் சந்துகள் பல அதில் பாதிகூட இல்லை, அதிலும் ஆளாளுக்கு ஒரு படி, ஒரு சன்ஷேட், ஒரு தொட்டி. மையித்து விழுந்த வீட்டில் சந்தூக்கை, அதாவது மையித்தைச் சுமக்கிற பெட்டியை, திருப்ப முடியாமல் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள்.

நான் கேட்பவற்றைச் செய்ய உங்களுக்குப் புது அதிகாரம் எதுவும் தேவையில்லை. நிலை வைக்கும்போது பாத்திஹா ஓத ஹஜ்ரத்தைக் கூப்பிடுகிறார்கள். ஓதி முடித்துக் கல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு முன், மாடி எழும்பியதும் இன்னொரு தடவை வருவேன், ஜன்னல் வைக்கும் முன் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வரட்டும். மாடியில் ஒரு கட்டிலைப் போட்டு ஏறி நின்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். ஜன்னல் சட்டம் பதிக்கும் முன் பார்த்தால் நாலு வரிசைச் செங்கலோடு முடிகிற வேலை. பதித்த பிறகு என்றால் பத்து வருடத்துக் குரோதம். வக்ஃபு இடத்தில் அடுத்து எழும்பப் போகிற வாடகை வீடுகளின் பிளானை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். அதில் குடியிருக்கப் போகிற பெண்கள் வந்து பார்த்துச் சொல்ல ஒரு நாள் ஒதுக்குங்கள். எந்த மஹல்லா கேட்டாலும் கட்டணம் இல்லாமல் பிளானைத் திருத்திக் கொடுக்க நான் தயார்.

ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கிற உங்கள் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினால் நேரில் விளக்கவும் வருகிறேன். பெண்கள் உட்கார இடம் எங்கே என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மஹல்லாக்களில் பிளான் போட்டுக் கொடுக்கும் ஒருத்தி,
மதுரை